அவருக்குச் சிங்களம் தெரியும்

சென்ற கிழமை நாகேந்திரத்தாரைக் கொழும்பு ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலில் ஏற்றி ஒப்பரேஷன் தியேட்டர் கதவுக்குள் கொண்டுபோனதோடு விட்டிருந்தோம். ஹேர்னியாவுக்குச் சின்ன ஒப்பரேஷன்தான், இரண்டொரு நாளில் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டொக்டர் சொன்னதை அவருடைய வீட்டாரும் நம்பினார்கள், நாமும் நம்பினோம்.

ஒப்பரேஷன் தொடங்கவேயில்லை. வெறும் வயிற்றோடு வரவேண்டிய மனிதர், விடியற்காலையில் வார்ட்டுக்கு வந்த பால்தேத்தண்ணீரையும் பிஸ்கட்டையும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மயக்க மருந்து ஏறிய கையோடு அதெல்லாம் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து ஐ.சி.யூவில் வாயில் குழாயோடு கிடக்கிறார்.

எப்படி நடந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணீரோடு வந்த பணியாள் சிங்களத்தில் ஏதோ கேட்டான். நாகேந்திரத்தார் 'ஒவ்' என்றார். கோப்பை நிறைந்தது. பிறகு தாதி உதேஷிகா வந்து, "ஒன்றும் சாப்பிடவில்லைதானே?" என்று சிங்களத்தில் கேட்டாள். அதற்கும் 'ஒவ்' என்றார். 'ஒவ்' என்றால் ஆம். நாகேந்திரத்தாருக்குத் தெரிந்த சிங்களம் மொத்தமும் அவ்வளவுதான்.

வீட்டாருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அது மருமகள் யதுஷாவுக்கு மட்டும் தெரியும். இந்த நாட்களில் அவள் ஒழுங்காக ஒரு பிடி சோறு தின்னவில்லை. மாமா மேல் உள்ள பாசம் என்று மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். பாசமும் உண்டுதான். ஆனால் சோறு இறங்காததற்குக் காரணம் அதுவல்ல.

●

"பிள்ளை, இதைக் குடிச்சிட்டுப் போ. வெறுவயித்தோடை ஆஸ்பத்திரிப் படி ஏறாதை."

மாமியார் பாலேஸ்வரி பால் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றார். யதுஷா ஒரு கணம் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இந்த வெள்ளவத்தை அடுக்குமாடி பிளட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் கையால் அவளுக்கு ஒரு கோப்பை வந்ததில்லை. அவளுடைய பங்குக்கு வந்ததெல்லாம் பேச்சுத்தான்.

யதுஷா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்தவர். பாலேஸ்வரிக்கு ஊர் யாழ்ப்பாணத்துக் கைதடி. மகன் கிஷாந்த் தானாகத் தேடிக்கொண்ட பெண் என்பதால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கொட்டாஞ்சேனைப் பெட்டையள் கனவும் சிங்களத்திலைதான் காணுங்கள்" என்று வந்துபோகிற உறவுகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிங்களத்துக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது.

"உன்ர சிங்களம் இல்லாட்டி நாங்கள் அங்கை திக்குத் தெரியாமல் நிண்டிருப்பம்," என்றார் பாலேஸ்வரி. கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு நாளும் நான் உன்னை எத்தினை கதை கதைச்சிருப்பன். மனசிலை வச்சிருக்காதை."

இந்த வார்த்தைக்காக யதுஷா எத்தனை வருசம் காத்திருந்தாள்! வந்த நேரத்தைப் பாருங்கள். பாலை ஒரே மிடறில் விழுங்கிவிட்டுக் குசினித் தொட்டியில் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது.

முன்னறையில் கிஷாந்த் தன் சிநேகிதன் சாந்தனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தான். சாந்தன் சட்டத்தரணி.

"விடமாட்டன் மச்சான். மத்தியானம் மேற்றன் எங்களைச் சந்திக்கிறா. அந்த மிஸியையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறன். தமிழ் ஆளிட்டைச் சிங்களத்திலை கேட்டுப்போட்டு, ஓமாம் எண்டு போயிருக்கிறாள். கட்டிலிலை சாப்பாடு குடுக்கக்கூடாது எண்டு ஒரு அட்டைகூடத் தொங்கவிடேல்லை. எங்கடை சனம் எண்டால் இவைக்கு அவ்வளவுதான். அவளின்ர வேலை போகவேணும்."

யதுஷா கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினாள்.

●

பஸ்ஸில் போக நேரமில்லை என்று ஓட்டோ பிடித்தார்கள். நடுவில் மாமியார், இரண்டு பக்கமும் மகனும் மருமகளும். கிஷாந்த் போனில் எதையோ தட்டிக்கொண்டே வந்தான். பாலேஸ்வரி கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யதுஷா வெளியே பார்த்தாள். பம்பலப்பிட்டிக் கடைகள் கண்ணில் பட்டனவே தவிர மனதில் ஒன்றும் படவில்லை.

நாகேந்திரத்தாரின் 'ஒவ்' அந்தக் குடும்பத்தில் பழைய பகிடி. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வந்து வெள்ளவத்தையில் குடியேறிய புதிதில் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். கேட்ட கேள்விக்கு அவர் தமிழில் விரிவாக விளக்கம் சொல்லப் போக, பொழுதுபடும்வரை பொலிஸில் இருத்தி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டார். சீருடையில் யாரைக் கண்டாலும் 'ஒவ் மஹத்தயா', ஆம் ஐயா. சண்டை முடிந்தது, சாவடிகள் போயின, அவருடைய 'ஒவ்' மட்டும் போகவில்லை. பஸ் கொண்டக்டருக்கு ஒவ். மீற்றர் பார்க்க வருகிறவனுக்கு ஒவ். மற்றபடி வெள்ளவத்தையில் கடைக்கும் கோயிலுக்கும் வைத்தியருக்கும் தமிழே போதுமாயிருந்தது.

கல்யாண வீடுகளில் கிஷாந்த் அதை நடித்துக் காட்டுவான். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பவள் யதுஷா. மாமா எதற்கும் 'ஒவ்' சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம், பார்வையாளர் நேரம் முடியப்போகிற சமயம், உதேஷிகா கட்டிலடிக்கு வந்தாள். சும்மா பேச்சுக்கொடுக்க, "மாமாவுக்கு எந்த ஊர்?" என்று சிங்களத்தில் கேட்டாள். "ஒவ் மிஸ்," என்றார் மாமா. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவரைப் பார்க்க வந்திருந்த பெண்ணும் சிரித்தாள்.

"இவர் கொழும்புக்கு வந்து எவ்வளவு காலம்?" என்று அந்தப் பெண் யதுஷாவிடம் கேட்டாள்.

"இருபது வருசத்துக்குக் கிட்ட."

"ஐயோ, இன்னும் சிங்களம் தெரியாதா?"

கேட்டவள் மோசமானவள் அல்ல. கேலியாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் யதுஷாவுக்குக் காது இரண்டும் சுட்டது. அவள் படித்த இடத்திலும் வேலை செய்கிற இடத்திலும் அவளுடைய பேச்சைக் கேட்டு, தமிழ்ப் பெண் என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. இந்த நகரத்தில் தன்னை யாரும் வந்தேறி என்று பார்த்துவிடக் கூடாது என்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி ஒரு பழக்கம். அந்தச் சிரிப்பு மாமாவைத் தாண்டி வந்து அவளில் விழுந்தது.

உதேஷிகாதான் நிலைமையைச் சமாளித்தாள். "நாளைக் காலையில் தியேட்டருக்கு அனுப்புவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்க வேண்டும் அக்கே. நீங்கள் அந்த நேரம் உள்ளே வர முடியாது. பக்கத்து வார்ட்டில் நஸ்லா மிஸ் இருக்கிறார், தமிழ் தெரியும். அவரை வரச் சொல்லவா?"

"தேவையில்லை மிஸ்," என்றாள் யதுஷா. பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். "அவருக்குச் சிங்களம் தெரியும். நன்றாகவே தெரியும். வெட்கப்படுகிறார், அவ்வளவுதான்."

அது போதாதென்று குனிந்து மாமாவின் காதிலும் ஒரு பாடம் சொன்னாள். "மாமா, இரவைக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடாதேங்கோ. காலமை ஏதும் கேட்டினமெண்டால் ஒவ் எண்டு சொல்லுங்கோ. நான் எல்லாம் சொல்லிப்போட்டன். சும்மா முழிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, சிரிக்கினம்."

மாமா தலையாட்டினார். அவருக்கென்ன, மருமகள் சொன்னால் சரி.

வேணுமென்று செய்ததா? இல்லை. ஆனால் அதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை. ஒரு அறியாத பெண்ணுடைய சிரிப்பிலிருந்து தப்பிக்க மாமாவின் உயிரைப் பணயம் வைத்துவிட்டோமே என்ற நினைவு நித்திரையிலும் வந்து எழுப்பியது.

●

ஐ.சி.யூவுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். யார் போவது என்ற பேச்சே எழவில்லை. "யது போகட்டும். டொக்டர் என்ன சொல்லுறார் எண்டு கேக்க வேணுமெல்லே," என்றான் கிஷாந்த்.

அன்று காலையில்தான் குழாயை எடுத்திருந்தார்கள். முகத்தில் ஒட்சிசன் முகமூடி. நெஞ்சு ஏறி இறங்குவது போர்வைக்கு மேலால் தெரிந்தது. பொறுப்பாக நின்ற இளம் டொக்டர், வலது பக்க நுரையீரலில் கிருமி பிடித்திருக்கிறது, காய்ச்சல் இறங்கினால் தப்பினார், ஏறினால் மறுபடி குழாய் போடவேண்டி வரும் என்றார். வயசும் ஒரு காரணம் என்றார். யதுஷா ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். இப்போது மட்டும் எவ்வளவு கவனம்!

கட்டிலருகே போனதும் நாகேந்திரத்தார் கண்ணைத் திறந்தார். முகமூடியை விலக்கக் கையைத் தூக்கினார்.

"கழட்டாதேங்கோ மாமா. கதைக்க வேண்டாம்."

"பிள்ளை," என்றார். குரல் உரசிக்கொண்டு வந்தது. "கிஷாந்த் கோவமாய் நிக்கிறானோ?"

"ஓம் மாமா."

"ஆஸ்பத்திரி தந்த தேத்தண்ணி. குடிக்கக்கூடாதெண்டால் தருவினமோ எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினார். "கேளும். நீர் என்ர காதிலை சொன்னதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

யதுஷா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழவன் தேத்தண்ணி ஆசையிலை குடிச்சிட்டுப் பொய் சொன்னதெண்டு சொல்லும். நானும் அவனுக்கு அப்பிடியே சொல்லுறன்."

"மாமா, நான்..."

"மாமி இப்பதான் உம்மோடை முகம் குடுத்துக் கதைக்கிறா. நேற்றுக் கண்ணாடிக்கு அங்காலை நிண்டு உம்மட தலையைத் தடவினதை நான் கண்டனான். அதைக் கெடுக்கக் கூடாது."

வாயில் குழாயோடு கிடந்த மனிதர் அதைக் கவனித்திருக்கிறார். யதுஷா அழுதுவிட்டாள். அவர் மன்னித்தது பாதியைத்தான். காதில் சொன்னதை மன்னித்தார். கட்டிலடியில் நின்று தாதியிடம் சொன்ன பொய் அவருக்குத் தெரியாது. தமிழ் தெரிந்த ஒருத்தி வரவிருந்தாள், மருமகள்தான் வேண்டாமென்றாள் என்பது தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் களைத்துக் கண்ணை மூடிவிட்டார்.

வெளியே வந்தபோது நடைபாதையின் திருப்பத்தில் உதேஷிகா நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குருநாகல் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து அதிக காலமில்லை.

"அக்கே, மாமாவுக்கு எப்படி?"

"குழாய் எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இருக்கிறது."

"கடவுளே, சுகப்படட்டும்." கைகளைப் பிசைந்தாள். "அன்று நீங்கள் சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை அக்கே. நோயாளியின் வீட்டாரில் பழி போடுகிறேன் என்று நினைப்பார்கள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் யதுஷாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சொல்கிறேன்," என்று வாய் முணுமுணுத்தது.

"இவவோடை என்ன கதை?"

கிஷாந்த் பின்னால் வந்து நின்றான். உதேஷிகா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

"மாமாவுக்கு எப்பிடி எண்டு கேட்டவ," என்றாள் யதுஷா.

"நடிப்பு," என்றான் கிஷாந்த்.

சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இருந்ததா? இல்லை. யதுஷா அதையும் விட்டுவிட்டாள்.

●

தாதிகளின் தலைவியான மேற்றனின் அறை சின்னது. மேசைக்கு அந்தப் பக்கம் மேற்றன், பக்கத்தில் சுவரோடு உதேஷிகா. இந்தப் பக்கம் மூன்று கதிரை. கதவருகே முக்காட்டோடு ஒரு தாதி நின்றாள்.

மேற்றனுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் இப்படியான விசயத்தில் ஒரு பிழையான சொல் வாயில் வந்துவிடும் என்று பயந்து சிங்களத்திலேயே நின்றார். கிஷாந்தின் சிங்களம் ஓட்டோவுக்கு விலை பேசுகிற அளவு. பள்ளிக்கூடம் முழுக்க ஊரில், வேலை பார்க்கும் கந்தோர் முழுக்க ஆங்கிலம். அதனால்தான் மேற்றன் மொழிபெயர்க்க ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்.

"இவர் நஸ்லா," என்று யதுஷாவிடம் சொன்னார். "இரண்டு பக்கமும் சொல்வதை இவர் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுவார். அன்றைக்கே செய்திருக்க வேண்டியது."

யதுஷா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கிஷாந்த் தலையை ஆட்டினான். "தேவையில்லை. ஆஸ்பத்திரி ஆள் ஆஸ்பத்திரிக்குச் சார்பாய்த்தான் சொல்லும். எங்களுக்கு எங்கடை ஆள் இருக்கு. யது, நீர் சொல்லும்."

"ஓம், எங்கடை பிள்ளை சொல்லட்டும்," என்றார் பாலேஸ்வரி.

நஸ்லா வெளியே போய் நின்றாள். கதவு சாத்திக்கொண்டது.

கிஷாந்த் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சொல்லும். என்ர அப்பாவுக்குச் சிங்களத்திலை ஒரு சொல்லைத் தவிர ஒண்டும் தெரியாது. தெரியாத ஆளிட்டைத் தெரியாத பாஷையிலை கேட்டுப்போட்டு, அவர் தலையாட்டினதை நம்பி அனுப்பியிருக்கினம். அவர் செத்துப்போனால் ஆர் பொறுப்பு? கேளும்."

அவன் சொன்னது பொதுவில் நூற்றுக்கு நூறு சரி. அதுதான் யதுஷாவுக்குக் கொடுமையாக இருந்தது. வாயைத் திறந்தாள். அவளுடைய அழகான, பிசிறில்லாத சிங்களத்தில் அவளே சொன்னாள்:

"என் மாமாவுக்குச் சிங்களம் தெரியாது."

உதேஷிகா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

யதுஷா மிச்சத்தையும் சொன்னாள். குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல அவளுக்கே கேட்டது. மேற்றன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதேஷிகாவிடம் திரும்பினார்.

"மகள், அவருக்குச் சிங்களம் தெரியாதென்று உனக்குத் தெரியுமா?"

உதேஷிகா யதுஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்த்தாள் என்றுதான் சொல்லவேண்டும். யதுஷா மேசையைப் பார்த்தாள். பிறகு உதேஷிகா உடைந்து அழத் தொடங்கினாள். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன.

"நன்றாகத் தெரியும் என்று இந்த அக்காதான் சொன்னார் மேடம். நஸ்லா மிஸ்ஸைக் கூப்பிடவா என்று நான் கேட்டேன். தேவையில்லை, வெட்கப்படுகிறார் என்றார். நான் நம்பினேன். என்னுடைய பிழையும்தான், அட்டையைத் தொங்கவிட மறந்தேன். ஆனால் அதை நான் நம்பினேன் மேடம்."

மேற்றன் மெதுவாகத் திரும்பினார். அவர் யதுஷாவைத் திட்டவில்லை. வயதான பெண். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவர். "அவர்களுக்குச் சொல்லுங்கள்," என்று மட்டும் சொன்னார்.

"என்னவாம்?" என்றான் கிஷாந்த். "அழுது தப்பப் பாக்கிறாளோ?"

அந்த அறையில் ஐந்து பேர். உண்மை தெரிந்த மூவர், தெரியாத இருவர். 'மன்னிப்புக் கேக்கிறா' என்று இரண்டே சொல் சொன்னால் போதும், இன்றைக்குத் தப்பிவிடலாம். மாமா பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராகப் படுத்திருக்கிறார். மாமியின் கை அவளுடைய கை மேல் இருந்தது, சூடாக, நம்பிக்கையாக. உண்மையைச் சொன்னால் அந்தச் சூடு போய்விடும். எதிரில் ஒரு பெண் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யது, என்ன சொல்லுறா?"

"மாமாவுக்கு நல்லாச் சிங்களம் தெரியும் எண்டு நான் சொன்னனானாம்," என்றாள் யதுஷா. "தமிழ் தெரிஞ்ச மிஸியைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டவவாம். நான்தான் வேண்டாமெண்டனானாம்."

"பாத்தீரே!" கிஷாந்த் மேசையில் அடித்துக்கொண்டு எழுந்தான். "என்ன துணிவு! அம்மா, கேட்டனீங்களே? தப்புறதுக்கு எங்கடை ஆளிலையே பழியைப் போடுறாள்!"

"நாசமாய்ப் போவாள்," என்றார் பாலேஸ்வரி. மருமகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நீ பயப்பிடாதை பிள்ளை. உன்னைப் பற்றி எங்களுக்குத் தெரியாதே?"

மறுபடியும் தப்பிக்க ஒரு கதவு திறந்தது. அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும். புருசனும் மாமியாரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றிவிடுவார்கள்.

யதுஷா தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"பொய்யில்லை," என்றாள். "நான் சொன்னனான்."

"என்ன?"

"அவ சொல்லுறது உண்மை. நான்தான் சொன்னனான். மாமாவின்ர காதிலையும் நான்தான் சொன்னனான், என்ன கேட்டாலும் ஒவ் எண்டு சொல்லச் சொல்லி."

கிஷாந்த் நின்றபடியே இருந்தான். கோபப்படக்கூட அவனுக்கு வரவில்லை. "ஏன் யது?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. "உமக்குத் தெரியுந்தானே. அப்பா எல்லாத்துக்கும் ஒவ் சொல்லுவார் எண்டு உமக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"பிறகேன்?"

பொய் சொல்லி முடிந்துவிட்டது, இனி உண்மையைப் பாதியில் நிறுத்த வழியில்லை. "பக்கத்துக் கட்டிலிலை சிரிச்சவை. இருபது வருசமாய்க் கொழும்பிலை இருந்தும் சிங்களம் தெரியாதோ எண்டு கேட்டவை. எனக்கு வெக்கமாய்ப் போச்சுது."

பாலேஸ்வரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சுருங்கியது.

"ஆரை நினைச்சு வெக்கப்பட்டனீ?" என்று கேட்டார். "எங்களையோ?"

ஓம் என்பதுதான் பதில், அதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கொட்டாஞ்சேனைப் பெட்டை என்று இத்தனை வருசம் குத்தியவருக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்திருந்தால்கூட இவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்க மாட்டாள். பாலேஸ்வரி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது.

மேற்றன் எடுத்தார். கேட்டார். "எப்போது?" என்றார். மறுபடி கேட்டார். வைத்துவிட்டு எழுந்து வேகமாகச் சிங்களத்தில் சொன்னார். ஐ.சி.யூ என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

யதுஷாவுக்கு முழுவதும் விளங்கியது. மாமாவுக்குக் காய்ச்சல் திடீரென்று ஏறிவிட்டது. மூச்சு இழுக்கிறது. மறுபடி குழாய் போடப் போகிறார்கள், வீட்டார் யாராவது உடனே மேலே வரவேண்டும்.

பாலேஸ்வரி பதறி எழுந்தார். பழக்கத்தில் மருமகளின் தோளைத்தான் பிடித்தார். "பிள்ளை, என்னவாம்? அவருக்கு என்னவாம்?"

"மாமி, அவருக்கு..."

"அம்மா, பொறுங்கோ." கிஷாந்த் யதுஷாவைப் பார்க்கவேயில்லை. அவளைக் கடந்து போய்க் கதவைத் திறந்தான். நடைபாதையில் நின்ற நஸ்லாவைக் கூப்பிட்டான். "தங்கச்சி, தயவுசெய்து ஒருக்கா உள்ளை வாங்கோ. மேற்றன் என்ன சொல்லுறா எண்டு எங்களுக்கு நீங்கள் சொல்லுங்கோ."